எஞ்சின் இல்லாப் பறவை

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர் எண்மர் சார்பில்)

நண்பகல் இடைவேளையில் வேப்பமரத்தடியில் அமர்ந்து உணவு உண்ணும்போது நாம் எல்லோரும் கண்டிருக்கும் காட்சி ஒன்று உண்டு. உச்சி வானில் ஒரு பருந்து வட்டமிடும். சிறகை அசைப்பதே இல்லை. ஆனாலும் கீழே இறங்காமல் மேலும் மேலும் உயர்ந்துகொண்டே போகும். காக்கையும் புறாவும் ஓயாமல் சிறகடிக்க வேண்டியிருக்க, பருந்துக்கு மட்டும் இந்தச் சலுகையைக் கொடுத்தவர் யார்? ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது எங்களில் ஒருத்தி இந்தக் கேள்வியை அறிவியல் சிஸ்டரிடம் கேட்டாள். சிஸ்டர் உடனே விடை சொல்லிவிடவில்லை. “சிறகடிக்காத பறவை ஒன்றை நீங்களே செய்து பாருங்கள். அது உங்களுக்கு விடை சொல்லும்” என்றார்கள்.

அந்த ஒரு சொல் எங்களை ஓராண்டுக் காலம் ஆட்டிப் படைத்தது. எட்டுப் பேர் சேர்ந்து, வானொலி அலையால் இயங்கும் கிளைடர் ஒன்றைச் செய்தோம், உடைத்தோம், மீண்டும் செய்தோம், கடைசியில் பறக்கவும் விட்டோம். அதனால் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை நம் ஆண்டு மலர் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பறக்கிறதா? விழுகிறதா?

கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். எஞ்சின் உள்ள விமானத்தை அதன் எஞ்சின் முன்னே தள்ளுகிறது. கிளைடரை முன்னே தள்ளுவது எது? அதன் சொந்த எடையே! சறுக்கு மரத்தில் சிறு குழந்தை சறுக்கி வருவதை நினைத்துப் பாருங்கள். குழந்தையை யாரும் தள்ளவில்லை. அது கீழே வருவதாலேயே முன்னேயும் வருகிறது. கிளைடரும் அப்படியே. காற்று என்னும் சறுக்கு மரத்தில் அது ஓயாமல் சறுக்கிக்கொண்டே இருக்கிறது.

அப்படி முன்னே செல்லும்போது அதன் இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று நியூட்டனின் மூன்றாம் விதியில் படித்திருக்கிறோம் அல்லவா? காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதனால் கிளைடர் கல்லைப்போல் விழாமல் மெல்ல மெல்ல இறங்குகிறது.

எவ்வளவு மெல்ல? எங்கள் கிளைடரைப் போன்ற சிறிய மாதிரி நொடிக்கு ஏறக்குறைய 6 மீட்டர் முன்னே போகும்போது அரை மீட்டர் கீழே இறங்கும். அதாவது 12 மீட்டர் தூரம் போக 1 மீட்டர் உயரத்தைச் செலவழிக்கும். 100 மீட்டர் உயரத்தில் விட்டால் 200 வினாடியில், அதாவது 3 நிமிடம் 20 வினாடியில் தரையைத் தொடும். உயரம்தான் அதன் கைச்செலவுப் பணம். பணம் தீர்ந்தால் பயணம் முடிந்தது.

அப்படியானால் பருந்து எப்படி மணிக்கணக்கில் மேலே இருக்கிறது? அதைப் பின்னால் சொல்கிறோம். எங்களுக்கே அது பின்னால்தான் புரிந்தது.

வழி காட்டியவர்கள்

இங்கிலாந்தில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த சர் ஜார்ஜ் கெய்லி என்பவர் 1804ஆம் ஆண்டு ஒரு சிறிய கிளைடரைச் செய்தார். நீண்ட கழி ஒன்றில் பட்டத்தை இறக்கையாகக் கட்டி, பின்னால் அசைக்கக்கூடிய வாலையும் வைத்தார். இன்னொன்றும் செய்தார். முன்பக்கத்தில் ஓர் எடையைத் தொங்கவிட்டு, அதை முன்னும் பின்னும் நகர்த்தும்படி அமைத்தார். அந்த எடை எதற்கு என்று புத்தகத்தில் படித்தபோது நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எங்களுக்கு மூன்று வாரங்கள் மிச்சமாகியிருக்கும்! கெய்லி 1853இல் கட்டிய பெரிய கிளைடர் ஒரு மனிதரையே சுமந்துகொண்டு ஒரு பள்ளத்தாக்கைக் கடந்தது.

அவருக்குப் பின் ஜெர்மனியில் ஒட்டோ லிலியன்தால் வந்தார். நாரைகள் பறப்பதை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1889இல் நூலாக எழுதினார். பெர்லினுக்கு அருகே மண்ணைக் கொட்டிக் குன்று ஒன்றை உண்டாக்கி, அதன் உச்சியிலிருந்து குதித்துப் பறந்தார். சுமார் 2000 முறை பறந்திருக்கிறார். 250 மீட்டர் தூரம் வரை சென்றிருக்கிறார். 1896 ஆகஸ்டு 9ஆம் நாள் கிளைடர் நிலைகுலைந்து விழுந்ததில் காயமுற்று மறுநாள் இறந்தார். இன்று நாம் மாதிரி விமானத்தை உடைத்துப் பாடம் கற்கிறோம். அவரோ தம் உயிரைக் கொடுத்து உலகுக்குப் பாடம் தந்தார்.

முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் எஞ்சின் விமானங்களுக்குக் கடுமையான தடைகள் இருந்தன. அதனால் இளைஞர்கள் எஞ்சின் இல்லாமல் பறப்பதில் நாட்டம் கொண்டனர். ரோன் மலைப் பகுதியில் 950 மீட்டர் உயரமுள்ள வாசர்குப்பே மலையில் 1920இல் முதல் போட்டி நடந்தது. இரண்டே ஆண்டுகளில், 1922 ஆகஸ்டில், ஆர்தர் மார்ட்டென்ஸ் என்பவர் ‘வாம்பயர்’ என்ற கிளைடரில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் நின்றார். மலையில் மோதும் காற்று மேலே திரும்புகிறது. அந்தக் காற்றே அவரைத் தாங்கியது. அந்த மலையில் இன்று ஒரு கிளைடர் அருங்காட்சியகம் இருக்கிறது. மனிதர் ஏறிப் பறந்த கிளைடர்களோடு மாதிரி விமானங்களுக்கும் அங்கே இடம் தந்திருக்கிறார்கள்.

தரையில் நின்றபடி மாதிரி விமானத்தை இயக்குவதில் முன்னோடிகள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள். ‘கஃப்’ என்ற பெயருள்ள அவர்களது எஞ்சின் மாதிரி விமானம் 1937இல் வானொலிக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பறந்தது. இப்போது அது ஸ்மித்சோனியன் வான்வெளி அருங்காட்சியகத்தின் உடைமை.

வானொலி அலை செய்யும் வேலை

எங்கள் கையில் இருப்பது டிரான்ஸ்மிட்டர். அதில் இரு சிறு குச்சிகள். கிளைடரின் வயிற்றுக்குள் ரிசீவர், ஒரு சிறு பேட்டரி, இரண்டு செர்வோக்கள். செர்வோ என்பது தீப்பெட்டியைவிடச் சிறியது; எடை 9 கிராம். அதற்குள் ஒரு குட்டி மோட்டாரும் பற்சக்கரங்களும் இருக்கின்றன.

நாம் குச்சியை நகர்த்தினால் அது வானொலி அலையாகச் சென்று ரிசீவரை அடைகிறது. ரிசீவர் செர்வோவுக்கு நொடிக்கு 50 முறை சிறு மின்துடிப்புகளை அனுப்புகிறது. துடிப்பு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நீடித்தால் செர்வோ நடுவில் நிற்கும். ஒரு பங்காகக் குறைந்தால் ஒரு பக்கம் திரும்பும். இரண்டு பங்காகக் கூடினால் மறுபக்கம் திரும்பும். செர்வோவோடு இணைந்த மெல்லிய கம்பி, வாலில் உள்ள பலகையை அசைக்கும். அவ்வளவுதான்!

முற்காலத்தில் ஒரே அதிர்வெண்ணில் இருவர் டிரான்ஸ்மிட்டரை இயக்கினால் விமானம் யார் சொல்லைக் கேட்பது என்று தெரியாமல் விழுந்து நொறுங்கும். அதனால் மைதானத்தில் அதிர்வெண் வாரியாக ஒரு பலகை மாட்டி, அதில் தன் அட்டையைச் செருகியவர் மட்டுமே டிரான்ஸ்மிட்டரை இயக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். இப்போதைய கருவிகள் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்கின்றன. ஒவ்வொரு ரிசீவரும் தன் டிரான்ஸ்மிட்டரை மட்டும் அடையாளம் கண்டுகொள்வதால் அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் கிளைடர் பிறந்த கதை

எங்களில் ஒருத்தியின் சித்தப்பா கல்லூரி நாட்களில் என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் பழகியவர். அவரே எங்களுக்கு ஆசான். 1980களில் அமெரிக்காவில் கார்ல் கோல்ட்பெர்க் நிறுவனம் விற்ற, பழகுவோருக்கு ஏற்ற ஒரு கிளைடரின் வரைபடத்தை அவர் வைத்திருந்தார். இறக்கையின் நீளம் நுனிக்கு நுனி 2 மீட்டர். அதன் பெயர் என்ன தெரியுமா? ‘ஜென்டில் லேடி’! மெல்லியல் நங்கை என்று தமிழில் சொல்லலாம். பெண்கள் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

ஆறு மாதம் பழைய செய்தித்தாள் சேர்த்து விற்றோம். அந்தப் பணத்தில் பால்சா மரப் பலகை வாங்கப் போனபோது கடைக்காரர், “யாருக்கும்மா, தம்பிக்கா?” என்று கேட்டார். “எங்களுக்குத்தான்” என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

பால்சா மரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இது பெரும்பாலும் தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டிலிருந்து வருகிறது. தண்ணீரின் எடையில் ஆறில் ஒரு பங்குதான் இதன் எடை. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். ஆனாலும் தாவரவியலார் இதை வன்மரங்களின் வரிசையில் வைத்திருக்கிறார்கள்! ஸ்பானிய மொழியில் ‘பால்சா’ என்றால் கட்டுமரம் போன்ற தெப்பம் என்று பொருள்.

சமதளமான பலகையின் மேல் வரைபடத்தை விரித்து, அதன்மேல் பாலிதீன் தாளைப் பரப்பி, ஒவ்வொரு துண்டையும் குண்டூசியால் நிறுத்தி ஒட்டினோம். இறக்கையின் உள்ளே விலா எலும்புகளைப் போல் வரிசையாக மெல்லிய துண்டுகள். அவற்றைத் தாங்க, வீட்டுக் கூரைக்கு உத்திரம் இருப்பதுபோல் ஒரு நீண்ட மரச்சட்டம். பிறகு உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினோம். அக்காலத்தில் மெல்லிய காகிதமோ பட்டுத்துணியோ ஒட்டி அரக்குப் போன்ற ஒரு திரவத்தைப் பூசுவார்களாம். நாங்கள் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டினோம். தொய்ந்து கிடந்த உறை சூடு பட்டதும் மத்தளத் தோல்போல் விறைத்து நின்றதைக் கண்டு கைதட்டினோம்.

இந்தக் கிளைடரின் இறக்கை தட்டையாக இல்லை. இரு புறமும் மேல்நோக்கி மடிந்திருக்கிறது. அழகுக்காக என்று எண்ணிவிடாதீர்கள். வாலில் உள்ள சுக்கானைத் திருப்பினால் மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வலது இறக்கை சற்று முன்னே வருகிறது. மேல்நோக்கி மடிந்திருப்பதால் அது காற்றை அதிகச் சாய்வில் சந்திக்கிறது, அதிகமாக உயர்கிறது. உடனே கிளைடர் இடப்பக்கம் சாய்ந்து அழகாகத் திரும்புகிறது. ஆகவே சுக்கான் ஒன்று, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் ஒன்று, இந்த இரண்டே போதும்.

முதல் நாள்

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. பள்ளி மைதானம் சிறியது, சுற்றிலும் மின்கம்பிகள். அதனால் ஊருக்கு வெளியே ஏரிக்கு அப்பால் உள்ள தரிசு நிலத்துக்கு, உரியவரிடம் அனுமதி பெற்றுப் போனோம். சிஸ்டரும் வந்தார்கள். லொரேத்தோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாகத் திருத்தந்தை 1920இல் அறிவித்ததைச் சொல்லி, “அன்னையை வேண்டிக்கொண்டு விடுங்கள்” என்றார்கள்.

முதல் முறை கயிற்றில் ஏற்றக் கூடாது. கையால் எறிந்து பார்க்க வேண்டும். எங்களில் உயரமானவள் கிளைடரைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி, காற்றுக்கு எதிராக விட்டாள். அது பறந்தது. நாங்கள் கூச்சலிட்டோம். அடுத்த நொடி அதன் மூக்கு மேலே உயர்ந்தது, இன்னும் உயர்ந்தது, அப்படியே நின்றது. பிறகு மூக்குக் குப்புறச் சாய்ந்து தரையில் மோதியது. ‘மடார்’ என்ற ஒலி எங்கள் எல்லோர் நெஞ்சிலும் விழுந்தது.

உடற்பகுதி இறக்கைக்கு முன்னால் இரண்டாக உடைந்திருந்தது. இறக்கையில் மூன்று விலாக்கள் நொறுங்கியிருந்தன. மீண்டும் மரம் வாங்கப் பணம் இல்லை. வருத்தத்தில் வாய்க்கு வந்ததைப் பேசினோம். “மேல்நோக்கி எறிந்துவிட்டாய்”, “நீ எறிந்திருக்கவே கூடாது” என்று ஆளுக்கொரு பேச்சு. எறிந்தவள் ஒன்றும் சொல்லாமல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவள் எங்களோடு சாப்பிட வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை.

கரும்பலகையில் விடை

புதன்கிழமை சிஸ்டர் எங்கள் எட்டுப் பேரையும் ஆய்வகத்துக்கு அழைத்தார்கள். உடைந்த பகுதிகளைச் சேர்த்துக் கட்டி, இறக்கைக்கு அடியில் இரு விரல்களை வைத்துத் தூக்கச் சொன்னார்கள். வரைபடத்தின்படி, இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 7 செ.மீ. பின்னால், அதாவது அகலத்தில் மூன்றில் ஒரு பங்கில், கிளைடர் தராசு முள்போல் சமமாக நிற்க வேண்டும். அந்த இடத்தில் விரலை வைத்தால் வால் தொங்கியது! 9 செ.மீ.யில்தான் அது சமமாக நின்றது.

நாங்கள் திகைத்தோம். சமநிலையைச் சோதித்திருந்தோமே! ஆம், சோதித்தோம், ஆனால் வாலுக்கு உறை ஒட்டுவதற்கு முன்பு சோதித்தோம். அதன் பிறகு, உறுதியாக இருக்கட்டும் என்று வாலில் கூடுதல் பசையும் ஒரு சிறு பலகையும் இரட்டை உறையும் சேர்த்துவிட்டோம். இரும்புத் தராசில் நிறுத்தபோது வால் 25 கிராம் கூடியிருந்தது.

“25 கிராம் என்ன செய்துவிடும் சிஸ்டர்?” என்று கேட்டோம். சுண்ணக்கட்டியை எங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். பத்தாம் வகுப்பில் விசையின் திருப்புத்திறன் என்று படிக்கிறோமே, அதே கணக்கு. வால், சமநிலைப் புள்ளியிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. 25ஐ 60ஆல் பெருக்கினால் 1500. கிளைடரின் மொத்த எடை 750 கிராம். 1500ஐ 750ஆல் வகுத்தால் 2. ஆகவே சமநிலைப் புள்ளி 2 செ.மீ. பின்னுக்குப் போய்விட்டது! ஏழும் இரண்டும் ஒன்பது. விரல் காட்டியதும் கணக்குக் காட்டியதும் ஒன்றே.

சமநிலைப் புள்ளி பின்னுக்குப் போனால் என்ன ஆகும்? கிளைடரின் மூக்கு சிறிது உயர்ந்தால் அதைத் தானாகவே கீழே இறக்கும் தன்மை வாலுக்கு இருக்கிறது. எடை பின்னால் கூடினால் அந்தத் தன்மை குறைந்துவிடும். மூக்கு உயர்ந்துகொண்டே போகும்; வேகம் குறையும். ஓர் எல்லைக்கு மேல் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்றோட்டம் பிரிந்துவிடும். தாங்கும் விசை போய்விடும். இதை ‘ஸ்டால்’ என்பார்கள். அன்று நடந்தது அதுவே. யார் எறிந்திருந்தாலும் அது அப்படித்தான் விழுந்திருக்கும்.

கரும்பலகையில் அந்த 2 என்ற எண்ணை எழுதியபோது யாரும் பேசவில்லை. பிறகு எழுவரும் எங்கள் தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். “அப்போ என்மேல் தப்பில்லையா?” என்று கேட்டுவிட்டு அவள் அழுதாள், நாங்களும் அழுதோம். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, “உங்கள் வேண்டுதல் சரியாகத்தான் இருந்தது. எடைதான் சரியில்லை” என்றார்கள்.

தீர்வும் அந்தக் கணக்கிலேயே இருந்தது. மூக்கு, சமநிலைப் புள்ளியிலிருந்து 30 செ.மீ. முன்னால் உள்ளது. 1500ஐ 30ஆல் வகுத்தால் 50. ஆகவே மூக்கில் 50 கிராம் ஈயம் வைத்தால் போதும். வாலில் தெரியாமல் சேர்த்த 25 கிராமுக்குத் தண்டனை 50 கிராம்! கெய்லி 1804இலேயே நகரும் எடையை வைத்த காரணம் இப்போது எங்களுக்கு விளங்கியது. தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கி மூக்கில் ஒட்டினோம். மிச்சம் இருந்த துண்டு மரங்களைக் கொண்டே மூன்று வாரத்தில் உடைந்ததைச் செப்பனிட்டோம்.

காற்றின் படிக்கட்டு

இரண்டாம் முறை எறிந்தபோது கிளைடர் புல்லின் மேல் நேராகச் சறுக்கிச் சென்று மெத்தென அமர்ந்தது. இனி உயரே ஏற்றலாம் என்று சித்தப்பா அனுமதி தந்தார்.

ஏற்றுவதற்கு எஞ்சின் வேண்டாம். 15 மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தரையில் முளையடித்துக் கட்டி, மறு முனையில் 60 மீட்டர் நைலான் கயிற்றைச் சேர்க்கிறோம். கயிற்றின் நுனியில் உள்ள வளையத்தைக் கிளைடரின் அடியில் உள்ள கொக்கியில் மாட்டி, பின்னுக்கு இழுத்து விட்டால் உண்டிவில்லில் இருந்து புறப்பட்டதுபோல் கிளம்பி, பட்டம்போல் உயரும். உச்சியை அடைந்ததும் வளையம் தானாகக் கழன்றுவிடும். எங்களுக்குச் சுமார் 50 மீட்டர் உயரம் கிடைத்தது. நொடிக்கு அரை மீட்டர் இறங்கினால் 100 வினாடி பறக்க வேண்டும். முதல் பறப்பு 84 வினாடி. பழகாத கைக்கு அது போதாதா?

இதில் ஒரு சங்கடம் உண்டு. கிளைடர் நம்மைவிட்டு விலகிப் போகும்போது வலப்பக்கம் குச்சியைத் தள்ளினால் வலப்பக்கம் போகும். நம்மை நோக்கி வரும்போது நம் கண்ணுக்கு எல்லாம் இடவலம் மாறித் தெரியும். சித்தப்பா சொன்ன உபாயம் இது: வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகக் குச்சியைத் தள்ளு, தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதாக எண்ணிக்கொள். 

ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை, காலை 11 மணி. அன்று டிரான்ஸ்மிட்டர், முதல் நாள் எறிந்த எங்கள் தோழியின் கையில் இருந்தது. கயிற்றிலிருந்து கழன்ற கிளைடர் உழுது போட்டிருந்த செம்மண் நிலத்தின் மேல் போயிற்று. திடீரென்று அதன் இடது இறக்கை தானாகவே உயர்ந்தது. “இடப்பக்கம் திருப்பு! உயர்ந்த இறக்கையின் பக்கம்தான் காற்று மேலே போகிறது” என்றார் சித்தப்பா. அவள் திருப்பினாள். கிளைடர் வட்டமிடத் தொடங்கியது. ஒரு வட்டம், இரண்டு வட்டம். அது இறங்கவில்லை. உயர்ந்தது! சற்று நேரத்தில் எங்கிருந்தோ ஒரு பருந்து வந்து அதே வட்டத்தில் சேர்ந்துகொண்டது.

எங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைத்தது. வெயில் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி சூடாக்குவதில்லை. உழுத மண், பாறை, கூரை ஆகியவை விரைவில் சூடாகின்றன. நெல் வயலும் ஏரியும் குளிர்ச்சியாகவே இருக்கின்றன. சூடான நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து, எடை குறைந்து, மேலே எழுகிறது. இதற்குத் ‘தெர்மல்’ என்று பெயர். அந்தக் காற்று நொடிக்கு ஒன்றரை மீட்டர் உயர்கிறது என்றும், கிளைடர் அதற்குள் நொடிக்கு அரை மீட்டர் இறங்குகிறது என்றும் கொள்ளுங்கள். மிச்சம் நொடிக்கு ஒரு மீட்டர் ஏற்றம். ஒரு நிமிடத்தில் 60 மீட்டர்! இறங்கும் படிக்கட்டு மேல்நோக்கி ஓடினால், அதில் மெதுவாக இறங்கி நடப்பவரும் மேலே போய்விடுவார் அல்லவா? பருந்தும் காற்றுக்குள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது; காற்று அதைவிட வேகமாக ஏறுகிறது. ஏறும் காற்றைவிட்டு வெளியேறாமல் இருக்கவே அது வட்டமிடுகிறது.

மகிழ்ச்சியோடு கவலையும் வந்தது. நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் மாதிரி விமானங்களையும் குறிப்பிடுகின்றன. பச்சை மண்டலம் என்று குறித்த பகுதியிலும் 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மாதிரி விமானம் கண்பார்வையைவிட்டு அகலவும் கூடாது. உயரத்தை எப்படி அறிவது? எங்கள் கணக்குப் புலி ஒருத்தி வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு முன்பே ஒரு வழி கண்டிருந்தாள். கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி அளவுகோலை நீட்டிப் பிடித்தால், 120 மீட்டருக்கு அப்பால் உள்ள 2 மீட்டர் இறக்கை சரியாக 1 செ.மீ. தெரியும். அவள் அளவுகோலோடு நின்றபடி சொல்லிக்கொண்டே இருந்தாள்: “ஒன்றரை... ஒன்று புள்ளி மூன்று... ஒன்று புள்ளி இரண்டு! இறக்கு, இறக்கு!”

இறக்குவது எளிதாக இல்லை. மூக்கைத் தாழ்த்தினால் வேகம்தான் கூடியது. அதிகம் தாழ்த்தினால் இறக்கை முறியும். எங்கள் தோழியின் கை நடுங்கியது. சித்தப்பா டிரான்ஸ்மிட்டரை வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. “மாமா, வயல் பக்கம் காற்று இறங்கும் இல்லையா?” என்று கேட்டாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் வட்டத்தைக் கலைத்து, கிளைடரைப் பச்சை வயலின் பக்கமாக நேராகச் செலுத்தினாள். அங்கே குளிர்ந்த காற்றில் அது இறங்கத் தொடங்கியது. காற்றுக்கு எதிராகத் திருப்பி, எங்களிடமிருந்து இருபது அடி தூரத்தில் இறக்கிவிட்டாள். ஏழு நிமிடம் 10 வினாடி! நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டோம். பருந்து மட்டும் இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. அதற்கு விதி இல்லை.

செய்ய விரும்பும் தோழியருக்கு

நீங்களும் செய்ய விரும்பினால் எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள்.

கூரிய பிளேடை உடலுக்கு எதிர்த்திசையில் மட்டும் இழுங்கள். விரைவில் ஒட்டும் பசையைக் காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்துங்கள். வாலை எப்போதும் இலேசாகச் செய்யுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், ஒவ்வொரு நாளும் பறக்கவிடும் முன்பும், சமநிலையைச் சோதியுங்கள். முதலில் டிரான்ஸ்மிட்டரை இயக்கிய பிறகே கிளைடரின் பேட்டரியை இணையுங்கள். அணைக்கும்போது கிளைடரை முதலில் அணையுங்கள். மின்கம்பி, சாலை, கூட்டம் ஆகியவற்றுக்கு அருகில் பறக்கவிடாதீர்கள். விமான நிலையத்தின் அருகே அனுமதியின்றி எதையும் ஏற்றாதீர்கள். கிளைடரைப் பின்தொடரும்போது சூரியனை நேராகப் பார்த்துவிடாதீர்கள். பழகிய பெரியவர் ஒருவர் உடன் இருப்பது நலம்.

இந்தக் கலைக்கு முடிவே இல்லை என்று தோன்றுகிறது. இறக்கை ஒன்றரை மீட்டருக்கு மிகாத கிளைடரை நுனியில் பிடித்து, வட்டு எறிபவரைப்போல் சுழன்று எறிந்து ஏற்றும் பன்னாட்டுப் போட்டி ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் ஒரு மலை முகட்டில், காற்றின் வேக வேறுபாட்டை மட்டும் பயன்படுத்தி எஞ்சின் இல்லாத மாதிரி கிளைடர் ஒன்று 2021இல் மணிக்கு 882 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. பயணிகள் ஜெட் விமானத்தின் வேகம் அது!

எங்கள் ‘மெல்லியல் நங்கை’ இப்போது இயற்பியல் ஆய்வகத்தின் கூரையில் தொங்குகிறாள். மூக்கில் ஈயமும் உடலில் ஒட்டுத் தழும்பும் அப்படியே இருக்கின்றன. தேர்வு முடிந்ததும் நாங்கள் வெவ்வேறு பள்ளிகளுக்கும் பாடப்பிரிவுகளுக்கும் பிரிந்துவிடுவோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே, அவளை உங்களிடம் ஒப்படைக்கிறோம். கழற்றிப் பறக்கவிடுங்கள். தூசி படிய விட்டுவிடாதீர்கள். அவள் விழுந்தால், எறிந்தவளைக் கேட்காதீர்கள். முதலில் இரு விரல்களை இறக்கைக்கு அடியில் வைத்துப் பாருங்கள்.